ஜினராஜ் தொடாத பஜ்ஜி

இது எங்கள் தெரு சுபத்ரா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அங்கே இல்லை.

போன நவம்பர் கடைசி. மாலை ஐந்து மணி. ஆரணியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜினராஜ், ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். லேப்டாப்போடு ஓடிவந்தாள் சுபத்ரா.

"சார், மூடாதீங்க! காலையில ஒன்பது மணிக்கு கம்பெனி டெஸ்ட். புது விண்டோஸ் இருந்தாத்தான் திறக்குமாம்."

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். "ரொம்பப் பழசும்மா. இதுல ஏறாது."

"வேற வாங்கச் சொல்றீங்களா? எங்கப்பா கூலிக்குப் போறவரு சார்."

அவர் ஷட்டரை மறுபடி தூக்கினார். பில்லுக்காக ஊர், தெரு கேட்டார்.

"சந்தவாசல்... காலனி."

முதல் தடவை பாதியில் நின்றது. இரண்டாவது தடவை, 'இந்தக் கணினியில் இயங்காது' என்று வந்தது. சுபத்ரா உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போய்வந்தாள்.

"ஆவுமா சார்?"

"பார்த்துகினுதானே இருக்கேன். நீ இப்படி நடந்தா அதுவும் பயந்து நின்னுடுது."

ஆறரைக்கு மூன்றாவது முயற்சி. எதிர்க்கடையில் சூடாக நாலு பஜ்ஜி வாங்கிவந்து நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க சார்."

"வேணாம்மா. நீ சாப்பிடு."

"வாழைக்காய்தான் சார்."

"வேணாம்மா."

நிமிரக்கூட இல்லை. தெருப் பெயரைச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்குப் புது விண்டோஸ் ஒருவழியாகத் திறந்தது. பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் வெளியேறினாள்.

"டெஸ்ட் பாஸ்தான்," என்றாள் என்னிடம். "ஆனா நம்ம கையால வாங்கித் தின்னா அந்தாளுக்குத் தீட்டு."

எனக்கு மனசு ஆறவில்லை. நேரே கடைக்குப் போய்க் கேட்டேவிட்டேன்.

ஜினராஜ் பதறிப்போனார். "ஐயோ, நாங்க ஜைனருங்க தம்பி. பொழுது போயிட்டா சாப்பிடறதில்ல. இனி விடிஞ்சாத்தான்."

"அதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வந்ததுமே சொல்லியிருந்தா, 'நீங்க சாப்பிடப் போங்க சார்'னு எழுந்து போயிருக்கும். அப்புறமா சொல்லி என்னா? ஏற்கெனவே பயந்துகினு இருந்த பொண்ணு. அந்தச் சங்கடம் வேற எதுக்கு?"

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அன்றைக்கு ஆரணியில் சூரியன் மறைந்தது ஐந்து நாற்பத்து மூன்றுக்கு.