ஆறாவது விசில்

ஒரு சமையலறையில் குக்கரும் மிக்ஸியும் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் கூடத்து டிவி தெரியும்.

மதியம் பாட்டும் சிரிப்புமாக ஒரு தொடர் வரும். ஒரு கல்லூரிப் பாட்டுக் குழுவின் கதை. அன்றைக்கு, கட்டைக் குரல் பொன்னரசியைப் பின்வரிசைக்குத் தள்ளி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார்கள். அவளும் மேடையில் மீன் மாதிரி வாயசைத்தாள். வீடே சிரித்தது. மிக்ஸியும் சிரித்தது.

"இதுல என்ன சிரிப்பு?" என்றது அடுப்பிலிருந்த குக்கர்.

"காமெடி சீரியல்தானே? பார்த்துட்டுப் பேசாம இரு."

"முதல்ல அவளைப் பாட விடட்டும். அப்புறம் சிரிக்கட்டும்!" என்று கத்திய குக்கர் ஓங்கி இரண்டு விசில் அடித்தது.

"அந்தக் குக்கரை அணைச்சுத் தொலைங்க, பாட்டே கேக்கல!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. யாரோ ஓடிவந்து அணைத்தார்கள்.

"தேவையா உனக்கு?" என்றது மிக்ஸி.

"சாப்பிடட்டும், பார்க்கலாம்" என்றது குக்கர்.

தொடர் முடிந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். கொண்டைக்கடலை கல் கல்லாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. குக்கர் மறுபடி அடுப்பேறியது.

இப்போது டிவியில் வேறு பாட்டு. அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பசியோடு எல்லோரும் விசிலை எண்ணினார்கள்.

"அஞ்சு ஆச்சு, அணைச்சிடு!"

கை வருவதற்குள் குக்கர் இன்னொன்றும் அடித்தது.

"அஞ்சே போதுமே, இது எதுக்கு?" என்றது மிக்ஸி.

"இது பொன்னரசிக்கு."