பொதுப் பாஸ்வேர்ட்

மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் நான்கு ஊழியர்களுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதையும் மறந்துவிடக் கூடாதென்று மானிட்டரின் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் அதிகாரி முதல் வேலையாக அந்தச் சீட்டைக் கிழித்தாள். பொதுக் கணக்கை மூடிவிட்டு, ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தாள்.

"எங்க மேல சந்தேகமா மேடம்?" என்று நால்வரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒரே வாரத்தில் இருப்புப் பட்டியல் தாறுமாறானது. அலமாரியில் இருமல் மருந்து ஒரு புட்டிகூட இல்லை. கம்ப்யூட்டரில் நானூறு இருந்தது.

மேலாளர் அவளிடம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "முன்னாடியெல்லாம் என்ன தப்பு இருந்தாலும் மறுநாள் காலைல சரியாயிடும். உங்க புது ஏற்பாடு வந்துதான் எல்லாம் கெட்டுது! " நால்வர் பக்கம் திரும்பினார். "யாருப்பா தினமும் திருத்தினது?"

"நான்தான் சார்!" நான்கு கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

வேலை போய்விடும் என்றே அவளுக்குத் தோன்றியது. அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, நான் ரெண்டு வருஷம் முன்னாடி அங்கேருந்து ரிட்டையர் ஆனவ. பொழுது போகாம, இவங்க பண்ற தப்பையெல்லாம் தினமும் வீட்டுலேருந்தே கம்ப்யூட்டர்ல பில்லோட ஒத்துப் பார்த்துத் திருத்திட்டிருந்தேன். ஒரு வாரமா உள்ளே போகவே முடியலையே, பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா?"

நான்கு கைகளும் சத்தமில்லாமல் இறங்கின.

மேலாளர் குழைந்தார். "அக்கா, நாளைலேருந்து நீங்க நேர்லயே வந்துடுங்களேன்."

"வரேன் சார். ஆனா அந்த நாலு பேரையும் வீட்டுல இருக்கச் சொல்லுங்க. எனக்குப் பாதி வேலை குறையும்."