ரெண்டு படி தவிடு

உப்புக்காரிக்கு ஒரு பாட்டுகூடக் கொடுக்கவில்லை.

ராஜாவுக்குப் பாட்டு. ராணிக்கு மூன்று பாட்டு. குதிரை பாடுகிறது, கிளி பாடுகிறது, ஆற்றில் கிடக்கிற முதலைகூட வாயைப் பிளந்து இரண்டு சரணம் பாடிவிட்டுத்தான் தண்ணீருக்குள் போகிறது. வெள்ளத்தில் தொட்டிலோடு மிதந்து வந்த இளவரசியைத் தூக்கியெடுத்து, சோறு ஊட்டி, தலை வாரி வளர்த்தவள் அந்த உப்புக்காரி. அவள் மட்டும் படம் முழுக்க, சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கார்ட்டூன் படம்தான். இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாம்பரத்தில், ஞாயிற்றுக்கிழமை மேட்னி. எனக்கும் அக்கா ஹேமாவதிக்கும் நடுவில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு. மடியில் இருந்த பாப்கார்னைக்கூட மறந்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் படத்துக்கு வரலாம் என்றது அக்காதான்.

இலக்கியா அக்காவின் வயிற்றில் பிறந்தவள் இல்லை. அக்கா பதினோரு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி ஓய்ந்த பிறகு, பிறந்த பன்னிரண்டாம் நாளில் அவள் மடிக்கு வந்தவள். பீர்க்கன்கரணையில் எங்கள் சொந்தபந்தம் அத்தனைக்கும் இது தெரியும். குழந்தைக்கு மட்டும் தெரியாது.

எந்தப் பிள்ளையைத்தான், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று வீட்டில் கேலி செய்வதில்லை? எங்கள் வீட்டில் பத்து வருஷமாக அந்த வார்த்தைக்கே தடை. மாமா மாட்டுக்குத் தவிடு வாங்கப் போனால்கூட, கடைக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருத்தி குழந்தை எதிரிலேயே வாயைவிடப் பார்த்தாள். அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டாள்.

"ஊரு வாயால தெரியறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்டி. இந்தப் படத்தப் பாத்தா அதுக்கே பாதி புரிஞ்சிடும்."

பெற்றவள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். அக்கா, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. அரண்மனை வாசலில் நின்றுகொண்டு ராணி தாலாட்டில் இரண்டே வரி பாடுகிறாள். உடனே இளவரசி உப்புக்கூடையைத் தட்டிவிட்டு, அம்மா என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள்.

அநியாயம். எந்த ஊரில் எந்தக் குழந்தை அப்படி ஓடும்?

சற்று முன்னால் முதலை வந்தபோது இலக்கியா பயந்துபோய் அக்காவின் தோளில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் கை பக்கத்திலேயே சும்மா கிடந்தது. அதுதான் நிஜம். அதை யார் படமாக எடுக்கிறார்கள்?

ராணி தன் முத்து மாலையைக் கழற்றி உப்புக்காரியின் கழுத்தில் போடுகிறாள். வளர்த்ததற்குக் கூலியாம். உன் முத்து யாருக்கு வேண்டும் என்று அந்த ராணியை மனதுக்குள் கண்டபடி திட்டினேன். தொலைத்தவளுக்கு என்ன, நாலு பேர் கூட உட்கார்ந்து அழுவார்கள். மூன்று பாட்டும் கிடைக்கும்.

விளக்கு போட்டார்கள்.

வெளியே ஐஸ்கிரீம் கடை ஓரமாகக் குழந்தையை நிறுத்தி, அக்கா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீயும் அந்தப் பாப்பா மாதிரிதான் கண்ணு. உன்னையும் நாங்க..."

அக்கா குழந்தையின் சட்டையில் ஒட்டியிருந்த பாப்கார்னைத் தட்டிவிட்டாள்.

இலக்கியாவின் முகம் மலர்ந்தது.

"தவிட்டுக்கு வாங்கினீங்களா? எங்க கிளாஸ் எபிய அவங்கம்மா டெய்லி அப்டித்தான் சொல்வாங்க. நம்ம வூட்ல மட்டும் யாருமே சொல்ல மாட்டேங்கறீங்களேன்னு நெனச்சினு இருந்தேன்!"

தனக்கும் அந்தக் கேலி கிடைத்துவிட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நின்ற இடத்திலேயே குதித்தாள்.

விளையாட்டு இல்லை என்று சொல் அக்கா. மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன். இன்றைக்கு விட்டால் இனி என்றைக்கும் நீ சொல்லப் போவதில்லை.

அக்கா எழுந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள்.

"ஆமாண்டி. ரெண்டு படி தவிடு."

"யார்கிட்டம்மா வாங்கினீங்க?"

"கூடுவாஞ்சேரி சந்தையில."

அக்கா என் பக்கமே திரும்பவில்லை.

இலக்கியா என்னிடம் ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து உலுக்கினாள். "சித்தி, உனக்குத் தெரியுமா? ரெண்டு படி தவிடு குடுத்து என்னை வாங்கினாங்களாம்!"

பொய். ஒரு பிடி தவிடுகூட நான் அக்காவிடம் வாங்கவில்லை.