இடது ஓரம்

கரியாலூர் ஏரியில் அன்றைக்கு அதுதான் கடைசிச் சவாரி. உளுந்தூர்பேட்டையிலிருந்து தனியாக வந்திருந்த டயானா, ஒரு முழுப் படகையும் தனக்கென்று எடுத்திருந்தாள். ஏறியதும் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நடுவுல குந்துங்கம்மா. படகு சாஞ்சிக்கும்,” என்றார் படகோட்டி பச்சமுத்து.

“சாயாதுண்ணே.”

சாயவில்லை. ஏரியைச் சுற்றி முடிக்கும்வரை படகு நேராகவே போனது. அவள் வலப்பக்கம் திரும்பவேயில்லை.

“வூட்டுக்காரரு போயிச் சேந்து மூணு வருஷம் ஆவுதுண்ணே. நான் இன்னும் ஒரு நாள்கூட தூங்கல,” என்று மட்டும் சொன்னாள்.

கரையில் அவள் இறங்கியதும் படகு, ஆளில்லாத வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

படகை அக்கரையில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். பச்சமுத்துவுக்கு உடம்பெல்லாம் அசதி. எப்போதும் நடுவில் உட்காருகிறவர், இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். படகு நேரானது. துடுப்பை எடுத்தார்.