இழுத்தால் நிற்கும்

பழைய டிராக்டர் காலையிலிருந்து கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"பேட்டரி புதுசு, ஃபில்டரும் மாத்தியாச்சு. பம்பைத் தாண்டி டீசல் போகவே மாட்டேங்குது," மெக்கானிக் கையை விரித்தார்.

"டேய், உங்கம்மா பையை மாட்டியிருக்கிற குமிழைப் பாருடா! அது இன்ஜினை நிறுத்துற குமிழ். பை கனத்துல வெளியே வந்திருக்கு, உள்ளே தள்ளு!" என்று கத்தினேன்.

மகன் திரும்பவே இல்லை. "எடைக்குப் போட்டுடலாம். பழைய இரும்புக்காரரை வரச் சொல்றேன்."

"பையை எடுடா!" தொண்டை கிழியக் கத்தினேன்.

மனைவி ஓடிவந்து என் கடைவாயைத் துடைத்தாள்.

"வண்டின்னா அவருக்கு உசிருடா. பக்கவாதத்துல பேச்சு போனதிலிருந்து இப்படி முனகினதே இல்ல. மாத்திரை கொடுத்தா அடங்கிடுவார்."

குமிழில் தொங்கிய பைக்குள் கையை விட்டு, மாத்திரையை மட்டும் எடுத்தாள்.