பிளாக்குல போடு!

"கேட்டைத் தெறந்து போட்டது நீதானே? நெசத்தைச் சொல்லிப்போடு மூக்கையா!"

சண்முகவேல் போட்ட சத்தத்தில், கால்நடை டாக்டர் ஜெயபாரதியின் கிளினிக்கில் ஊசிக்குக் காத்திருந்த பூனைகூட வாலைச் சுருட்டிக்கொண்டது.

மேஜைமேல் ஒரு கூடை. அதில் இரண்டு லாப்ரடார் குட்டிகள், வெளிர் மஞ்சள் நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன. வம்பே அந்த நிறத்தால்தான்.

வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் சண்முகவேலின் லாப்ரடார் ஜூலி நல்ல கறுப்பு. அவளை இணை சேர்க்க அழைத்துப்போன அவினாசி நண்பரின் ஆண் நாயும் கறுப்பு. ஆனால் பிறந்த எட்டில் ஆறுதான் கறுப்பு, இரண்டு மஞ்சள். "தெருநாய் வேலை" என்று சண்முகவேல் தீர்ப்பே எழுதிவிட்டார். குற்றவாளி, வாட்ச்மேன் மூக்கையா. உசிலம்பட்டிப் பக்கமிருந்து மனைவியோடு பிழைக்க வந்து, பட்டறைக் காம்பவுண்டிலேயே ஓர் அறையில் குடியிருப்பவன். வேலை போனால் அறையும் போய்விடும்.

"இந்த நெறத்துல ஒரு நாயும் காம்பவுண்டுக்குள்ள வரல மொதலாளி. எங்க கருப்பசாமி மேல சத்தியம்!"

"சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்ண? டாக்டர், ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் இருக்குமாமே, நெசமுங்களா?"

"நாய்ல அது நடக்கும்ங்க" என்றார் ஜெயபாரதி. "மத்த ஆறு குட்டியும் எங்கீங்க?"

"அதெல்லாம் எதுக்குங்க? அது அச்சு அசல் ஜூலி. சந்தேகம் இந்த ரெண்டு மேலதான்."

டாக்டர் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, காதை மடக்கி, நேரான வாலை நீவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏனுங்க, உங்க பட்டறையில ஷேடு மாறிப்போன துணியை என்ன பண்ணுவீங்க?"

"இதென்னங்க கேள்வி! பிளாக்குல போட்டுருவோம். அடியில மஞ்சளோ பச்சையோ, பிளாக்கு எல்லாத்தையும் மூடிப்போடும்."

"இதுவும் அதேதானுங்க. ஒவ்வொரு குட்டிக்கும் நெறத்துக்குன்னு அம்மாகிட்ட இருந்து ஒரு ஜீன், அப்பன்கிட்ட இருந்து ஒரு ஜீன் வருது. ரெண்டுல ஒண்ணு கறுப்பா இருந்தாலே நாய் கறுப்பு. கூட இருக்கிற மஞ்சள் வெளிய தெரியாது. ஜூலிக்குள்ள மஞ்சள் ஒளிஞ்சிருக்குதுங்க, அந்த ஆண் நாய்க்குள்ளயும்தான். ரெண்டு பக்கமும் மஞ்சளே வந்து சேர்ற குட்டி மஞ்சளாப் பொறக்கும். சராசரியா நாலுக்கு ஒண்ணு."

சண்முகவேல் விரலை மடக்கினார். "எட்டுக்கு ரெண்டு! அட, சரியா வருதுங்களே!"

ஆனாலும் அவர் சாயப்பட்டறைக்காரர். சாம்பிள் பார்க்காமல் எதையும் ஓகே சொல்லமாட்டார். நோக்கியாவை எடுத்து அவினாசி நண்பருக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது.

"டாக்டர், போன வருசம் வேற எடத்துல சேர்த்தப்பவும் மூணு மஞ்சள் பொறந்துதாமுங்க! இதைச் சொல்றதுக்கு அவனுக்கு வாயில்லையாக்கும்!"

"ஜூலி வாங்கினப்ப கொடுத்த சர்டிபிகேட்டைப் பாருங்க" என்று டாக்டர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "அவளைப் பெத்தவளே மஞ்சள்தான். இந்த ரெண்டும் கலப்பில்லாத லாப்ரடாருங்க. பாவம், அவரைப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டீங்களே!"

சண்முகவேல் எழுந்து மூக்கையாவின் தோளைப் பிடித்தார். "தப்பா நெனச்சுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதப்பா."

மூக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினான். காலையில் கல்லாய்க் கனத்த கூடை இப்போது பஞ்சாக இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியபோது அறை வாசலில் மனைவி ஒச்சாயி சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பணுமாய்யா?"

"சாக்கைப் பிரிடி. டாக்டரம்மா காப்பாத்திட்டாக." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

ஒச்சாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுத்த நொடியே முகம் மாறியது.

"அது சரி, கருப்பசாமி மேலயா பொய்ச் சத்தியம் பண்ணுன? ஜூலி அவினாசி போய்ட்டு வந்த மறுநாளு, லாரி போனதும் கேட்டைச் சாத்தாம டீக்கடைக்குப் போயி, திரும்பி வந்து பாத்தா ஒரு தெருநாய் ஜூலிகூட நிக்குதுன்னு பதறிப்போயி எங்கிட்ட சொன்னது நீதான?"

"மெதுவாப் பேசுடி!" மூக்கையா முற்றத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஜூலியின் மடியில் ஆறு கறுப்புக் குட்டிகளும் முட்டிமோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அதில் இரண்டுக்கு மட்டும் வால் முதுகுமேல் வளையமாகச் சுருண்டிருந்தது.

"பொய்ச் சத்தியம் இல்ல புள்ள. மஞ்ச நெறத்துல ஒரு நாயும் வரலைன்னுதானே சத்தியம் பண்ணுனேன்? அன்னிக்கு வந்தது நல்ல கறுப்பு!"