பத்தாவது கருத்து

“என்ரை சந்தியோகுவை எங்கை கண்டனீங்கள், பிள்ளை?”

வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பெண் கேட்டாள். கையில் போன கிழமைப் பத்திரிகை. நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

பாலேஸ்வரி வாங்கிலிருந்து எழும்பினாள். சந்தியோகு என்று ஒருவனை அவள் எங்கும் காணவில்லை. அவனை உண்டாக்கியவளே அவள்தான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதம். அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. பத்திரிகைத்துறை படிக்கும் பிள்ளைகளுக்குத் தியாகராசா மாஸ்டர் ஒரு வேலை கொடுத்தார். பேச்சுவார்த்தை பலிக்குமா என்று பத்துப் பேரைக் கேட்டு வர வேண்டும். பெயர், வயது, ஊர் மூன்றும் கட்டாயம். பெயரில்லாத கருத்து மொட்டைக் கடிதம் என்பார் அவர். நல்லதாக ஒன்றை உள்ளூர் வாரப் பத்திரிகை எடுத்துப் போடும்.

மாஸ்டருக்கென்ன, கதிரையில் இருந்தபடி சொல்லிவிட்டார்.

பாலேஸ்வரி மூன்று நாள் சைக்கிள் உழக்கினாள். சந்தையில் கீரைக்காரி, நல்லது நடந்தால் நல்லது, பேரைப் போட்டுவிடாதே என்றாள். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்கள் கொப்பியைக் கண்டதும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், உன்னை அனுப்பியது யார் என்று அவளையே விசாரித்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லி வளர்த்த ஊர்தான். இப்போது வாயை மூடியவன்தான் பிழைத்தான்.

கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது பேர் தேறினார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே கருத்து. நல்லது நடந்தால் நல்லது.

பத்தாவதை அவளே எழுதினாள். எரிச்சலில், தன் மனதில் கிடந்ததை அப்படியே எழுதினாள்: ‘சண்டை தொடங்கேக்கை எங்களை ஆர் கேட்டது? சமாதானத்துக்கு மட்டும் ஏன் கேக்கிறியள்?’

அதற்கு ஒரு பெயர் வேண்டும். உள்ள ஆள் எவனும் மாட்டிக்கொள்ளக் கூடாது. யோசித்து யோசித்து வைத்தாள்: சந்தியோகு, 24, அளவெட்டி. நாதஸ்வரமும் தவிலும் தேவாரமுமாகக் கிடக்கிற சைவ ஊரில் வேதக்காரச் சந்தியோகு எங்கிருந்து வரப்போகிறான்? ஆளில்லாத பெயரால் ஆருக்கும் தீங்கில்லை. கெட்டிக்காரிதான்.

நாலைந்து வருடமாக இடம்பெயர்ந்து எல்லா ஊர்ச் சனமும் எல்லா ஊரிலும் கிடப்பதை அந்தக் கெட்டிக்காரி மறந்துபோனாள்.

பத்திரிகை பத்தாவதைத்தான் எடுத்தது. அச்சுத்தாளுக்குத் தடை, கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அப்போது பத்திரிகை வந்தது. அந்த நீலக் கோடுகளுக்கு மேல் பெட்டி கட்டி, கீழே அவள் பெயரையும் வகுப்பையும் போட்டிருந்தார்கள். மாஸ்டர் வகுப்பில் உரத்து வாசித்து, ஒருவனாவது துணிந்து கதைத்திருக்கிறான் என்று பூரித்தார்.

அந்தத் துணிந்தவனின் தாய்தான் இப்போது வாசலில் நிற்கிறாள். பெயர் மரியநாயகி. தீவுப் பக்கத்துச் சனம். மகன் காணாமல்போன பிறகு ஊரே இடம்பெயர்ந்ததில் அவளும் எழும்பி வந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறாள்.

“அவனுக்கு இருபத்தாறு. ரண்டைக் குறைச்சுச் சொல்லியிருக்கிறான், கள்ளன்,” என்று சிரித்தாள். “வாய் அவன்ரை வாய்தான். உந்த வாயாலைதானே போனவன்.”

நேற்று அளவெட்டிக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாளாம். அப்படி ஒருவனைத் தெரியாது என்றார்களாம். ஆள் இருந்தால் தெரியாது என்றுதானே சொல்லுவார்கள் என்று அதையே நம்பிக்கையாக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மாஸ்டர் பாலேஸ்வரியைப் பார்த்தார். வருகிற மாதம் அந்தப் பத்திரிகையிலேயே அவளுக்கு வேலை என்று முந்தநாள்தான் சொல்லியிருந்தார்.

பொய் சொல்ல அவளுக்குத் தெரியும். ஒரு நீலச் சட்டை, ஒரு சைக்கிள், ஒரு சந்தி. அவ்வளவு போதும். இந்த மனுசி சாகும்வரை அந்தச் சந்தியிலேயே நிற்பாள்.

நினைக்கவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

“நான் ஒருத்தரையும் காணேல்லை, அம்மா. பேரும் கதையும் நானே எழுதினது.”

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். வேலை போனது. வகுப்பும் போனதுதான்.

மரியநாயகி மாஸ்டரை ஒருதரம் பார்த்தாள். வாங்குகளில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“விளங்குது, பிள்ளை. ஆக்கள் இருக்கினம். சொல்லேலாது.”

“இல்லை அம்மா, சத்தியமா...”

“சத்தியம் பண்ணாதையுங்கோ.”

அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பத்திரிகையைப் பழையபடி நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். வாசல்வரை போய் நின்றாள்.

“அடுத்த கிழமையும் ஆக்களைக் கேட்டுப் போடுவியளே? என்ரை பேரைப் போடுங்கோ. மரியநாயகி. முகாம் இருக்கிற இடத்தையும் வடிவாப் போடுங்கோ. நான் அவன்ரை பேரைக் கண்டு வந்தமாதிரி, அவனும் கண்டு வருவான்.”

மூன்று நாள் உழக்கிய உழக்கில் இப்படி ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பாலேஸ்வரிக்கு இனி அடுத்த கிழமை என்று ஒன்று இல்லை. இருந்தும் கொப்பியை விரித்தாள். பெயரை எழுதினாள். வயதைக் கேட்டு எழுதினாள். ஊர் என்ற இடத்தில் முகாமை எழுதினாள். அதற்குக் கீழே கோடு வெறுமையாகக் கிடந்தது.

“என்ன கருத்தெண்டு எழுத, அம்மா?”

மரியநாயகி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவனுக்கு எழுதினமாதிரி, எனக்கும் நீங்களே ஏதும் எழுதிவிடுங்கோ.”